இறக்கைக்கு அடியில் ஒரு பெயர்

கிண்ணத்துத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியபோதுதான் நான் செய்த தவறு புரிந்தது.

மூன்று இரவு கணினி முன்னால் உட்கார்ந்து வரைந்த வட்டங்கள் அவை. வெளியே நீலம், அதற்குள் வெள்ளை, நடுவில் சிவப்பு. பிரிட்டிஷ் அரச விமானப் படையின் அடையாளம். டெக்கால் தாளில் அச்சடித்து, சின்னக் கத்தரியால் வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மை முழுவதும் தண்ணீருக்குப் போய்விட்டது. தாளில் மிஞ்சியது ஒரு மங்கலான கறை.

"இதுக்குத்தானா ரெண்டு நாளா பிரிண்டரை யாரும் தொடக் கூடாதுன்ன?" என்றார் கணவர், தோசை மாவை ஐஸ்பெட்டிக்குள் வைத்துக்கொண்டே.

வீட்டு பிரிண்டரின் மை தண்ணீரில் கரையும் என்பது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அச்சடித்த தாளின் மேல் நிறமில்லாத அக்ரிலிக் வார்னிஷை மெல்லிசாக மூன்று தடவை அடித்து, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டும். படித்திருந்தேன். அவசரத்தில் மறந்துவிட்டேன். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பகாவில் இருக்கும் என் பாட்டிக்கு 82 வயது. இந்த ஆண்டில் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிவிட்டார். இந்த விமானத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

டெக்கால் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தோட்டத்து மளிகைக் கடையில் 10 சென்னுக்கு ஒரு சுவிங்கம் வாங்கினால், உறைக்குள் ஒரு படம் இருக்குமே, கையில் ஒட்டித் தண்ணீர் தடவி அழுத்தினால் பச்சை குத்தியது மாதிரி பதியுமே, அதன் மூத்த அண்ணன்தான் டெக்கால். மாடல் விமானம் கட்டுகிறவர்கள் எண்ணையும் கொடியையும் எழுத்தையும் தூரிகையால் வரைவதில்லை. மெல்லிய படலமாக அச்சடித்துத் தண்ணீரில் ஊறவைத்து, விமானத்தின் உடம்புக்கு நழுவ விடுவார்கள். பெட்டியில் வரும் மாடலோடு ஒரு டெக்கால் தாளும் வரும். நமக்கு வேண்டிய விமானத்துக்கு அந்தத் தாள் பொருந்தாவிட்டால் நாமே அச்சடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு இந்தப் பழக்கம் 2020 மார்ச் 18-க்குப் பிறகு வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. சிரம்பான் வீட்டில், துணி அலமாரிக்குள் தலையை விட்டு நிகழ்ச்சிக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்த காலம். (அலமாரித் துணிகள் எதிரொலியைத் தின்றுவிடும். ஊடகவியல் பட்டப்படிப்பில் நான் கற்ற உருப்படியான பாடங்களில் அது ஒன்று.) அக்கா மகனுக்கு வாங்கி வைத்திருந்த விமானப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. மாவட்டம் தாண்டிப் போய்க் கொடுக்க முடியவில்லை. ஒரு ராத்திரி திறந்து பார்த்தேன். இன்றுவரை அக்கா மகனுக்கு அது போய்ச் சேரவில்லை.

ஆனால் இந்தக் கதை அந்த விமானத்தைப் பற்றியதல்ல. ஒரு டகோட்டாவைப் பற்றியது.

பிப்ரவரி 13 உலக வானொலி தினம். அதற்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி தயாரிக்க, நம் நாட்டு ஒலிபரப்பு வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1946-இல் தொடங்கிய ரேடியோ மலாயா, தோட்டங்களிலும் புதுக் கிராமங்களிலும் பொதுவில் வைத்த வானொலிப் பெட்டிகள் என்று போய்க்கொண்டிருந்த வாசிப்பில் ஒரு வரி என்னை நிறுத்தியது. அவசரகாலத்தில் விமானத்தில் ஒலிபெருக்கி கட்டிக் காட்டுக்கு மேல் பறந்தபடி பேசினார்கள்.

ரேடியோக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றே பாட்டிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பிறந்தது, வளர்ந்தது, பால்மரம் வெட்டியது எல்லாம் பகாவ் பக்கத்துத் தோட்டம். அவசரகாலத்தில் சிறுமி.

"பாட்டி, அந்தக் காலத்துல ஆகாயக் கப்பல்லேருந்து ஸ்பீக்கர் வெச்சுப் பேசுவாங்களாமே, தெரியுமா?"

பேச்சில்லை. கோடு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"பேசுற கப்பலா?" என்றார் கடைசியில். "உனக்கு யாரு சொன்னா?"

"புத்தகத்துல படிச்சேன்."

"ம்." பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

என் பாட்டி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த சனிக்கிழமை காடியை எடுத்துக்கொண்டு பகாவுக்குப் போனேன்.

பாட்டி சொன்னதை எழுதுவதற்கு முன் கொஞ்சம் வரலாறு. இளைய வாசகர்களுக்காக. நானும் முப்பது தாண்டித்தான் இதையெல்லாம் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன்.

1948 ஜூன் 18 அன்று மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பிரிட்டிஷ் அரசு. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் வெளியிலிருந்து போகின்றன என்று, 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களில் நம்மவர்களின் லயங்களை ஒன்றாக நெருக்கிச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்களை வேலி வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி சோறு கையில் இருந்தாலும் குற்றம். டின் பால் வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் தருவார், பதுக்கி வைக்க முடியாதபடி.

தொழிற்சங்கங்களுக்கு அது கெட்ட காலம். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் 1948-இல் தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள், இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன், எங்கள் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். பள்ளியில் வரலாற்றுப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இந்த இரண்டு பெயரும் எனக்குப் பள்ளியில் தெரியாது.

1952 பிப்ரவரியில் டெம்ப்ளர் பொறுப்புக்கு வந்தார். துப்பாக்கியோடு தாளும் குரலும் சேர்ந்தன. சரணடையச் சொல்லும் துண்டுப் பிரசுரங்கள் கோடிக்கணக்கில் வானத்திலிருந்து கொட்டப்பட்டன. கொரியப் போரில் அமெரிக்கர்கள் செய்தது மாதிரி, விமானத்தில் ஒலிபெருக்கி கட்டிப் பேசவும் தொடங்கினார்கள். வேலெட்டா என்ற விமானத்தில் முயன்றார்கள். அதன் எஞ்சின் இரைச்சல் பேச்சை விழுங்கியது. பிறகு டகோட்டாவும் ஆஸ்டர் என்ற சின்ன விமானமும் அந்த வேலைக்கு வந்தன. 1954-இல் கோலாலம்பூரில் மறுபடி உருவான 267-ஆம் ஸ்குவாட்ரன் இந்தக் குரல் விமானங்களை ஓட்டியது. அது பறந்தெழுந்த சுங்கை பீசி தளம் 2018-இல்தான் மூடப்பட்டது. நம் விமானப் படையின் தளம் ஒன்று இப்போது எங்கள் செண்டாயானில் இருக்கிறது.

ஒரு அறிவிப்பாளராக எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் தொழில்நுணுக்கம். விமானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கீழே நிற்பவன் காதில் குரல் விழும் நேரம் கொஞ்சம். ஆகவே செய்தி சுருக்கமாக இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பொதுவாக எல்லாருக்கும் சொன்னதோடு, சில சமயம் காட்டில் இருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லியே அழைப்பார்கள். நாங்கள் நேயர் பெயரைச் சொல்லிப் பாட்டுப் போடுகிறோமே, அந்த வித்தை. பெயர் காதில் விழுந்தால் எந்த மனிதனும் திரும்பிப் பார்ப்பான்.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். பாட்டி மடியில் இருந்த பூண்டை உரிப்பதை நிறுத்தினார்.

"எங்கம்மா அதுக்குத்தான் வேலிகிட்ட போயி நிப்பாங்க," என்றார்.

பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தார். இந்த ஒரு வாக்கியமே எனக்குப் புதுச் செய்தி. முப்பத்தாறு ஆண்டுகளாக இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன். கல்யாணம், கருமாதி, காதுகுத்து எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். அப்படி ஒருவர் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. பாட்டியைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பால்மரம் வெட்டினார். லயத்தில் எழுத்து நன்றாகக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான். சாயங்காலமானால் வாசலில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து தமிழ் நேசனையோ தமிழ் முரசையோ சத்தமாகப் படிப்பார். சுற்றி இருபது பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

"உன் குரலு அவர் குரலு மாதிரி," என்றார் பாட்டி. "நீ மொத மொதல்ல ரேடியோவுல பேசுனப்போ நான் எழுந்து போயி அடுப்படில நின்னுட்டேன். உங்க மாமா கேட்டான், ஏம்மா அழுவறன்னு. வெங்காயம்னு சொன்னேன்."

அவர் சங்கத்தில் இருந்தார். சங்கத்துக்குத் தடை வந்த பிறகு பத்திரிகை படிப்பதையும் நிறுத்திவிட்டார். 1950-இல் ஒரு நாள் விடியற்காலை, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போனவர் திரும்பவில்லை. மண்டோர் போய்ப் பார்த்தபோது மரங்கள் வெட்டியிருந்தன. மங்குகளில் பால் நிறைந்து எடுக்க ஆளில்லாமல் கட்டிப் போயிருந்தது. உளியை ஒரு மரத்தில் மாட்டி வைத்திருந்தார். அவராகவே காட்டுக்குள் போனாரா, யாராவது வந்து கூட்டிப் போனார்களா, அன்றைக்கே செத்துப் போனாரா, எதுவும் வீட்டுக்குத் தெரியாது. போலீஸ் வந்தது. கேட்டது. பாட்டியின் அப்பாவை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பியது. திரும்பி வந்தவர் மகனின் ஒரே படத்தை அடுப்பில் போட்டார். இனிமேல் இந்த வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்றார். யாரும் சொல்லவில்லை.

பிறகு பேசுற கப்பல் வந்தது.

"மொதல்ல எஞ்சின் சத்தம். அப்புறம் மேல வர்றப்ப பேச்சு. ரேடியோ பேச்சு மாதிரி இல்ல, வானமே பேசுற மாதிரி. புள்ளைங்க நாங்க ஓடுவோம் பாக்கறதுக்கு. எங்கம்மா ஓட மாட்டாங்க. கையைத் தொடச்சிக்கிட்டு மெதுவா வந்து, முள்ளுவேலிகிட்ட நின்னு, காதுல கையை வெச்சுக் கேப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. சீனத்துல பேசும். சில நாளு மலாய்ல. தமிழ்ல பேசி நான் கேட்டதில்ல. மறுநாளு கடைக்கு போயி தவுக்கேகிட்ட கேப்பாங்க, நேத்து கப்பல் என்ன சொல்லிச்சுன்னு. வெளிய வந்துரு, சோறு இருக்கு, அடிக்க மாட்டோம்னு சொல்லிச்சாம்பான். பேரு சொல்லிச்சான்னு கேப்பாங்க. சொல்லிச்சு, சீனன் பேருதாம்பான். நம்ம பேரு ஏதாச்சும்னு கேப்பாங்க. இல்லேம்பான்."

இது எத்தனை நாள் நடந்தது என்று கேட்டேன். நாளில்லை, வருடம் என்றார்.

"ஒரு தடவ தவுக்கேக்கு மனசு கேக்கல போல. ஆமா, ஒரு பேரு தமிழ்ப் பேரு மாதிரிதான் இருந்துச்சுன்னு சொல்லிட்டான். அன்னிக்கு ராத்திரி எங்கம்மா அவங்க பங்கு சோத்தைச் சாப்பிடல. மங்குல போட்டு மூடி வெச்சாங்க. அடுத்த நாளும் வெச்சாங்க. மூணாம் நாளு அது ஊசிப் போச்சு. அப்பதான் பொய்யின்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கணும். அதுக்கப்புறம் தவுக்கேகிட்ட கேக்கறதில்ல. ஆனா கப்பல் வந்தா வேலிக்குப் போவாங்க."

நான் சிரம்பானுக்குத் திரும்பி வரும் வழியில் வானொலியைப் போடவில்லை.

உலக வானொலி தின நிகழ்ச்சி ஒலியேறியது. குரல் விமானத்தைப் பற்றி நான்கு நிமிடம் பேசினேன். பாட்டியின் அண்ணனைப் பற்றிப் பேசவில்லை. பாட்டி வேண்டாம் என்றார். இந்தக் கட்டுரைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார், அதுவும் ஒரு நிபந்தனையோடு: "பேரைப் பேப்பர்ல போடாத." பாட்டி, எல்லாம் முடிந்து அறுபது ஆண்டுக்கு மேலாகிறது என்றேன். "போடாத," என்றார். அந்தப் பயம் எவ்வளவு ஆழத்தில் போய் வேர் விட்டிருக்கிறது பாருங்கள். முள்வேலியைப் பிடுங்கிவிட்டார்கள், லயத்தை இடித்துவிட்டார்கள், பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். இது மட்டும் அப்படியே இருக்கிறது.

பேசுற கப்பல் எப்படி இருந்தது என்று பாட்டி வாயால் சொன்னது எனக்குப் போதவில்லை. அதைச் செய்து கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் சரியான பதில் என்னிடம் இல்லை.

டகோட்டா கிடைப்பது எளிது. 1935 டிசம்பரில் முதலில் பறந்த டிசி-3-இன் ராணுவத் தம்பி அது. பத்தாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. மாடல் நிறுவனங்களுக்குச் செல்லப் பிள்ளை. ஒன்றுக்கு எழுபத்திரண்டு அளவில் ஒரு பெட்டி வாங்கினேன். நிஜத்தில் 29 மீட்டர் நீளும் இறக்கை, என் சாப்பாட்டு மேசையில் 40 சென்டிமீட்டர். மூன்று வார இரவுகளில் உடம்பு சேர்ந்தது. பளபளக்கும் கறுப்பு அடித்து, அதன் மேல் வெள்ளி நிறம் அடித்தேன். நேராக வெள்ளி அடித்தால் ஈயப் பாத்திரம் மாதிரி இருக்கும். கறுப்பின் மேல் அடித்தால்தான் உலோகமாகும். ஒலிபெருக்கிக்குப் பெட்டியில் எதுவும் இல்லை. மாடல் துண்டுகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தைச் சூடு காட்டி இழுத்து, முனையைத் தட்டையாக்கி, சின்னச் சின்னக் கூம்புகளாகச் செய்து அடிவயிற்றில் ஒட்டினேன். பழைய படம் ஒன்றைப் பார்த்துச் செய்ததுதான். தெளிவில்லாத படம். அதற்கு மேல் துல்லியம் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன்.

சிக்கல் டெக்காலில். பெட்டியோடு வந்த தாள் 1944 நார்மண்டித் தரையிறக்கத்துக்கானது. கறுப்பு வெள்ளைப் பட்டைகள், மஞ்சள் வளையம் போட்ட மங்கலான வட்டங்கள். போருக்குப் பிறகு விமானப் படை அந்த வட்டத்தை மாற்றிவிட்டது: மஞ்சள் இல்லை, நிறம் பளிச்சென்று இருக்கும், சிவப்பு, வெள்ளை, நீல விட்டங்கள் ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று. பக்கவாட்டு வட்டத்துக்கு 36 அங்குலம் என்று கணக்கு வைத்தால் என் அளவில் அரை அங்குலம். கணினியில் வரைய இது நல்ல கணக்கு. பிரிண்டருக்குத்தான் ஒரு குறை, அதற்கு வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்றால் அது தாளின் நிறத்தை விட்டுவைக்கும். தெளிந்த தாளில் அச்சடித்தால் வட்டத்தின் வெள்ளை, வெள்ளி நிறமாகத் தெரியும். நீலமும் தண்ணீர் கலந்த மாதிரி வெளிறும். ஆகவே வட்டங்களுக்கு வெள்ளைப் பின்புலத் தாள். அதில் இன்னொரு தொல்லை: விளிம்பில் முடியளவு வெள்ளை மிஞ்சினாலும் கண்ணை உறுத்தும். கத்தரி சரிப்படவில்லை. வட்டம் வெட்டும் கருவி ஒன்று வாங்கினேன். அதற்கும் மேல் மிஞ்சிய விளிம்பில் நீல மார்க்கரால் ஒரு சுற்று.

முதல் தொகுதி கிண்ணத்தில் கரைந்த கதையைச் சொல்லிவிட்டேன். இரண்டாம் தொகுதிக்கு வார்னிஷ் அதிகமாகிவிட்டது. தடித்துப்போய், பப்படம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மூன்றாவது நன்றாக வந்தது. ஆனால் ஒட்டிய மறுநாள் காலையில் பார்த்தால் படலத்துக்கு அடியில் காற்று நின்று மினுமினுத்தது. சிரம்பானில் எங்கள் மாடல் குழுவில் ஓர் ஐயா இருக்கிறார், விமானப் படையில் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படம் அனுப்பினேன். "கிளாஸ் கோட் அடிக்காம டெக்கால் ஒட்டுனியாம்மா? சொரசொரப்பான சுவத்துல டேப் ஒட்டுனா நிக்குமா?" என்றார். டெக்காலை இளக்கும் மருந்து வாங்கக் காசு செலவழிக்காதே, சமையல் வினிகரைத் தண்ணீரில் கலந்து தூரிகையால் தொட்டு வை என்றும் அவர்தான் சொன்னார். வேலை செய்தது. மூன்று நாள் வீடு முழுக்க ஊறுகாய் வாசம்.

பிறகு எண். விமானத்துக்கு வரிசை எண் உண்டு. வாலுக்கு முன்னால் சிறிதாக, இறக்கைக்கு அடியில் பெரிதாக. பாட்டி பார்த்த விமானத்தின் எண் யாருக்குத் தெரியும்? ஏதாவது ஒரு டகோட்டாவின் எண்ணைப் போட்டு முடித்துவிடலாம்தான். அது பாட்டி பார்த்ததாக இருக்க வேண்டியதில்லை. ஐயாவிடம் கேட்டேன். "நம்பர் இல்லாத கப்பலை எந்த ஏர்போர்ட்லயும் எறங்க விட மாட்டான்மா," என்றார். எண்ணில்லாமலேயே பகாவுக்கு எடுத்துப் போனேன்.

பாட்டி விமானத்தை வெகுநேரம் பார்த்தார். கையில் வாங்கவில்லை. பிறகு தலைகீழாகத் திருப்பச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. "நான் எங்க மேலேருந்து பாத்தேன்? கீழேருந்துல்ல பாத்தேன்," என்றார்.

திருப்பினேன். ஒலிபெருக்கிகளைத் தொட்டார். "இது வேற மாதிரி இருந்திச்சு. எப்படின்னு சொல்லத் தெரியல." பிறகு வெறுமையாக இருந்த இறக்கையைக் காட்டி, "இங்க என்னமோ எழுதியிருக்குமே?" என்றார்.

"நம்பர் பாட்டி. கீழ நிக்கறவங்க படிக்கறதுக்கு. எனக்கு அது என்ன நம்பர்னு தெரியாது."

"எங்கம்மாவுக்கும் படிக்கத் தெரியாது," என்றார். சமையலறைக்குப் போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தார். நான் பாதி குடித்த பிறகு, என்னைப் பார்க்காமலே, "எங்கண்ணன் பேரை எழுத முடியுமா அதுல? சின்னதா போதும்," என்றார்.

முதல் முறையாக அன்றைக்குத்தான் அந்தப் பெயரை எனக்குச் சொன்னார். குனிந்து, என் காதில்.

சிரம்பானுக்கு வந்து அதைக் கணினியில் தட்டெழுதினேன். நான்கு எழுத்து. கடைசி எழுத்துக்குப் புள்ளி. பாட்டி சின்னதாக என்று சொன்னதால் இரண்டு மில்லிமீட்டர் உயரம் வைத்தேன். தெளிந்த தாளில் கறுப்பு எழுத்து. இதற்கு வெள்ளை வேண்டாம், கத்தரிக்கும் தொல்லையும் இல்லை. வார்னிஷ் மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் அரை நாள் காய்ச்சல். தண்ணீரில் போட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கரையவில்லை. தூரிகை முனையால் இறக்கைக்கு நழுவ விட்டேன். ஐயாவுக்குப் படம் அனுப்பினேன். வரலாற்றுப்படி இது தப்பு என்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து, "இப்ப எறங்கலாம்" என்று மட்டும் பதில் வந்தது.

மறுபடி பகாவ். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போதவில்லை. மாமா பத்திரிகை படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் போனார். கடைசி எழுத்தில் நின்றார்.

"புள்ளி எங்க?"

வாங்கிப் பார்த்தேன். இல்லை. கணினியில் இருந்தது. அந்த அளவுக்கு என் பிரிண்டரால் ஒரு புள்ளியைப் போட முடியவில்லை. நூறு முறை பார்த்திருப்பேன். என் கண் அதை இருப்பதாகவே எடுத்துக்கொண்டது. மாடல் சாமான் எதுவும் கொண்டு போகவில்லை. பாட்டியின் தையல் பெட்டியில் ஓர் ஊசி எடுத்தேன். அக்கா மகளின் கறுப்பு மை பேனாவை உடைத்து ஊசி முனையை நனைத்தேன். கை நடுங்கியது. பாட்டி என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வைத்தேன். கொஞ்சம் பெரிதாகத்தான் விழுந்தது.

மாமா வாசல் உத்தரத்தில் ஓர் ஆணியடித்து, தூண்டில் நரம்பில் அதைக் கட்டித் தொங்கவிட்டார். மின்விசிறிக் காற்றில் மெதுவாகத் திரும்பியது. பாட்டி கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

"நீதான் ரேடியோவுல பேசுறவளாச்சே," என்றார். "கூப்புடு."

எனக்குத் தொண்டை அடைத்தது. நேரலையில் ஒரு நாளும் அடைத்ததில்லை. மாமா உள்ளே போய்விட்டார். நான் அந்தப் பெயரைச் சொன்னேன். அறைக்குள் பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

பாட்டி ஒரு காதில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சத்தமா," என்றார். "எஞ்சின் சத்தத்துல கேக்காது."